பரவுதுன்னு எழுதியிருக்கியே

ஜனவரி கடைசி, ஞாயித்துக்கெழமை

ஏ வாலு,

எப்படி இருக்கே? சாப்பிட்டியா? பதில் எழுதும்போது 'சாப்பிட்டேன்'னு மொட்டையா எழுதாதே, என்ன சாப்பிட்டேன்னு எழுது, அப்பத்தான் நம்புவேன். அங்க குளிருன்னு சொன்னியே, காதை மூடிக்கிட்டுப் போறியா? உனக்குக் காதுலதான் முதல்ல குளிர் ஏறும். இங்க நான் இருக்கேன், உங்க அண்ணி இருக்கா, புதுசா வந்தவளும் இருக்கா. மூணு பேர்ல அவ சத்தம்தான் பெருசு.

போன் இருக்கும்போது இவன் எதுக்குப் பேப்பரைக் கிறுக்கறான்னு நினைப்பே. போன் ஒண்ணுதான், அது உங்க அண்ணி கையில. வீடு ரெண்டு ரூம்பு, நடுவுல ஒரு சுவர், நான் தும்மினா அந்தச் சுவரும் கூடச் சேர்ந்து தும்மும். நான் சொல்லப் போறது அவ காதுல விழக் கூடாது. அதான்.

கையெழுத்தைப் பாத்துச் சிரிக்காதே. நான் எழுத்து படிச்சதே சுவத்துலதான். மேஸ்திரி சாக்பீஸ்ல கோடு இழுத்துக் குடுப்பாரு, நான் அது மேல பிரஷ்ஷை ஓட்டுவேன். முதமுதல்ல எழுதின வரி 'இங்கே குப்பை கொட்டாதீர்'. அடுத்தது 'நாய் ஜாக்கிரதை'. அதனால இந்தக் கடுதாசியில எங்கயாச்சும் மிரட்டற மாதிரி இருந்தா மனசுல வச்சுக்காதே, படிச்ச பாடம் அப்படி. இப்பப் பாரு, ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான் பெயிண்ட் அடிச்சிக்கிட்டிருக்கோம். இத்தனை வயசுக்கப்புறம் பள்ளிக்கூடம் போறேன், அதுவும் சாரத்து மேல ஏறி, ஜன்னல் வழியா. நேத்து டீச்சர் ஒரு கணக்குக் கேட்டாங்க, பசங்க ஒருத்தனுக்கும் தெரியல, அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பாக்கறானுங்க. நான் வாளியைப் பாத்தேன். நமக்கு எதுக்கு வம்பு.

எங்கயோ போயிட்டேன். சொல்ல வந்தது தோலு விஷயம்.

அண்ணி வயித்துல புள்ளை இருக்கும்போதே ஆரம்பிச்சிருச்சு. முழங்கையில செவப்பா தடிச்சு, அது மேல வெள்ளை வெள்ளையா செதில். சுரண்டினா உதிருது. உதிர்ந்த எடத்துல, போனவன் திரும்பி வந்த மாதிரி மறுபடி வந்து உக்காந்துக்குது. இப்ப முட்டியில இருக்கு, முதுகுல இருக்கு, தலைமுடிக்குள்ளயும் இருக்கு. படுத்து எழுந்தா பாய் மேல மாவு கொட்டின மாதிரி கெடக்கு. அவ எழறதுக்குள்ள நான் பெருக்கிடறேன். ஒரு நாள் கையைப் பிடிச்சுப் பாத்துட்டு என்னங்க இதுன்னா. சுண்ணாம்பு தின்னுடுச்சுன்னு சொன்னேன். நம்பிட்டா. அவ நம்பினதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு.

வாலு, புள்ளையை நான் இன்னும் தூக்கல. ஆஸ்பத்திரியில நர்ஸம்மா குடுத்தப்போ ஒரு நிமிஷம் வாங்கினேன், முழுக்கை சட்டையோட. அதோட சரி. இது ஒரு வழிக்கு வரட்டும்னு இருக்கேன். உங்க அண்ணி விடுவாளா?

"ஏங்க, அடுத்த வீட்டுப் புள்ளையைப் பாக்கற மாதிரி எட்டி நின்னு பாக்கறீங்க?"

"கையெல்லாம் பெயிண்டு."

"ஞாயித்துக்கெழமையுமா பெயிண்டு?"

நீ அங்க தோலைப் பத்தித்தானே ஆராய்ச்சி பண்றே. இது என்ன, எதனால வருது, ஏன் நிக்க மாட்டேங்குது, எப்படிப்பட்டது, எல்லாத்தையும் எனக்குப் புரியற மாதிரி எழுது. இதுக்கு மேல எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல.

உன் அண்ணன்


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணா,

காலையில் ரொட்டியும் முட்டையும், மதியம் சோறும் பருப்பும், இதை எழுதுவதற்கு முன் ஒரு ஆரஞ்சு. காதை மூடிக்கொண்டுதான் போகிறேன். போதுமா?

என் மருமகள் சத்தக்காரி என்று கேட்டதும் மனம் நிறைந்துவிட்டது. அத்தையைப் போல இருக்கிறாள். உன் கடிதத்தை என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள், ஏதோ அறிவிப்புப் பலகை என்று நினைத்துவிட்டார்கள்.

நீ சொல்வதைக் கேட்டால் அது சோரியாசிஸ் போலத் தெரிகிறது. பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. தோல் டாக்டர் ஒருவரிடம் காட்டு, தள்ளிப் போடாதே. ஆனால் அண்ணா, நீ கேட்டது என் வேலையைப் பற்றியே கேட்ட மாதிரி இருந்ததால் எனக்குக் கை பரபரக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

நீ பெயிண்டை வெளியிலிருந்து அடிக்கிறாய். ஒன்றின் மேல் ஒன்றாகக் கோட்டிங் ஏறும். தோல் அப்படியே தலைகீழ். அது உள்ளே இருந்து வெளியே வருகிறது. அடிவரிசையில் இருக்கிற செல்கள்தான் ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகும். பிரிந்ததில் ஒன்று அடியிலேயே இருக்க, இன்னொன்று மேலே ஏறும். ஏற ஏற அதன் உருவம் மாறும், தட்டையாகும், உறுதியாகும். நன்றாக முதிர்ந்து மேல்தளத்துக்கு வரும்போது அது உயிரை விட்டுவிடும். நாம் தொடுகிற தோல் என்பது அப்படி உயிரை விட்ட செல்கள் கைகோத்து நிற்கிற சுவர். பிறகு கண்ணுக்குத் தெரியாமல் உதிரும். வளர்வது, முதிர்வது, சாவது மூன்றும் அந்தந்த நேரத்தில் நடந்தால்தான் தோல் தோலாக இருக்கும்.

எப்போது எதைச் செய்வது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? சேதி வரும். செல்லின் மேல் காது மாதிரி ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து வருகிற சேதியை அது பிடித்து உள்ளே ஒருவரிடம் கொடுக்கும், அவர் அடுத்தவரிடம் கொடுப்பார், சாரத்தில் வாளி கை மாறிப் போகிற மாதிரி. கடைசியில் நடுவில் இருக்கிற கருவுக்குப் போய்ச் சேரும். அங்கேதான் முடிவு. 'பிரி' அல்லது 'முதிர்' அல்லது 'போதும், செத்துப் போ'.

உன் தோலில் தப்பான சேதி ஓடிக்கொண்டிருக்கிறது. காயமே இல்லாமல், 'காயம் பட்டிருக்கிறது, சீக்கிரம் வளருங்கள்' என்று கூவுகிறார்கள். அதனால் செல்கள் முதிர நேரமில்லாமல் அரைகுறையாக மேலே ஓடி வருகின்றன. வந்தது உதிரத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு குவிகிறது. அதுதான் அந்தச் செதில். ஒரு செல் பக்கத்துச் செல்லிடம் சொல்கிறது, அது அதற்கடுத்ததிடம் சொல்கிறது. இப்படியே பரவுகிறது.

இங்கே நான் வட்டத் தட்டுகளில் தோல் செல்களை வளர்க்கிறேன். இளஞ்சிவப்புத் தண்ணீரில், உடம்புச் சூட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அவை பெருகிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், பிரிவதை நிறுத்திவிட்டு முதிர ஆரம்பித்துவிடும். அழகு அண்ணா, அதைப் பார்க்க வேண்டும் நீ.

ஆனால் இப்போது என் வேலை சிக்கிக் கிடக்கிறது. ஒரே சேதியைத்தான் எல்லாத் தட்டுக்கும் கொடுக்கிறேன். ஒரு தட்டில் அது வளரச் சொல்கிறது, இன்னொன்றில் முதிரச் சொல்கிறது, மூன்றாவதில் சாகச் சொல்கிறது. வார்த்தை ஒன்றுதான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் பேராசிரியை தோளைக் குலுக்கிவிட்டு, சேதியைக் கேட்பது யார் என்பதைப் பொறுத்தது என்று சொல்லிப் போய்விட்டார்.

அண்ணியிடம் சொல்லிவிடேன். அவர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

உன் தங்கை,
வாலு


பிப்ரவரி முடியப் போவுது, வேலை நாள்தான், நான் போகல

ஏ அம்மாடி,

உன் கடுதாசியை சாரத்து மேல உக்காந்து படிச்சேன். எழுத்துக்கூட்டிப் படிக்கறதுக்குள்ள சுவத்துல பூசக் குழைச்சு வச்ச பட்டி காஞ்சு போச்சு. கூட வேலை செய்யறானே நெட்டையன், அவன் கீழ இருந்து, "என்னா மாமோய், புள்ளை பொறந்த நேரத்துல காதல் கடுதாசியா"ன்னான். ஆமாண்டா, உன் பொண்டாட்டி எழுதியிருக்கான்னேன். சாரத்தைப் பிடிச்சு ஆட்டிட்டான் படுபாவி.

நீ நல்லா எழுதியிருந்தே. பாதி புரிஞ்சுது. தோலு கீழ இருந்து மேல வருதுன்னதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் இத்தனை நாளா மேல இருந்து சுரண்டிக்கிட்டிருக்கேன். நாம தொடறதெல்லாம் செத்த செல்லுன்னு எழுதியிருந்தியே, அன்னைக்குப் பூரா யாரையும் தொடவே கூச்சமா இருந்துச்சு. டீக்கடையில மீதிச் சில்லறை வாங்கும்போது, செத்தவன் கையில இருந்து செத்தவன் கைக்குப் போவுதுன்னு நினைச்சேன். இதையெல்லாம் நீ எப்படித்தான் நினைச்சிக்கிட்டே சோறு சாப்பிடறியோ.

ஆனா ஒரு வரியில கண்ணு நின்னு போச்சு. பரவுதுன்னு எழுதியிருக்கியே. பக்கத்துல இருக்கறதுக்குப் பரவும், அதுல இருந்து அடுத்ததுக்குப் பரவும்னு. நான் பயந்தது அதுதான், வாலு. கேக்க வாய் வரல, நீயே சொல்லிட்டே.

அன்னையிலேருந்து பெயிண்ட் டப்பா வைக்கற ரூம்புக்கு மாறிட்டேன். தட்டு, டம்ளரு, துண்டு எல்லாம் தனி. அவ கேட்டா, டர்பன்டைன் வாசனை புள்ளைக்கு ஆகாது, நான் இப்படி ஓரமா இருந்துக்கறேன்னு சொல்லிட்டேன்.

நீ சொன்ன மருந்தும் போட்டேன். சுண்ணாம்புதான் நம்மகிட்ட மலையாக் கெடக்கே. சுண்ணாம்பைக் கூட்டினா வளர்றது நின்னுடும்னு எழுதியிருந்தே. எவ்வளவு கூட்டணும்னு நீ எழுதல. நீத்தி வச்ச சுண்ணாம்பைக் குழைச்சு ரெண்டு முழங்கையிலயும் கெட்டியா அப்பிக்கிட்டேன். எரிச்சல்னா எரிச்சல், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வேலை செய்யுது போலிருக்குன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு விட்டுட்டேன். கழுவினா தோலு வெந்து வழண்டு வந்துடுச்சு. இப்ப அந்தப் புண்ணைச் சுத்தியே புதுசா தடிக்குது. உன் தட்டுல இருக்கறதெல்லாம் சொன்ன பேச்சு கேக்குது, என் தோலுக்கு என்ன கொழுப்பு பாரு.

இதையெல்லாம் விடு. நேத்து நடந்ததைச் சொல்றேன். புள்ளையைக் குளிப்பாட்டித் துடைச்சிக்கிட்டிருந்தவ, "ஏங்க, இங்க வந்து பாருங்க, இவளுக்குத் தோலு உரியுது"ன்னா. வாசப்படியிலயே நின்னு பாத்தேன். காலு, கை, வயிறு எல்லாம் மெல்லிசா வெள்ளையா உரியுது. என் பாயில கெடக்கற அதே மாவு. ஆஸ்பத்திரியில அந்த ஒரு நிமிஷம் வாங்கினேனே. ஒரே நிமிஷம்தானே, வாலு.

நான் மூஞ்சியை வேற பக்கம் திருப்பிக்கிட்டேன். அவ அதைப் பாத்துட்டா.

"பொண்ணாப் பொறந்துட்டான்னுதானே இதெல்லாம்?"

"என்ன பேசறே நீ?"

"பின்ன என்ன? தூக்கறதில்ல, பக்கத்துல படுக்கறதில்ல, மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. பெயிண்டு டப்பாவோட குடும்பம் நடத்தறீங்க. புடிக்கலைன்னா வாயைத் தொறந்து சொல்லிடுங்க, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

புடிக்கலையாம். எனக்கு. அந்தப் புள்ளை கொட்டாவி விட்டாக்கூட இந்த ரூம்புல இருந்து எனக்குக் கேக்குது. நெசத்தைச் சொன்னா, புள்ளைக்கு நான்தான் குடுத்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். சொல்லாட்டி நான் பொண்ணு வேணாங்கறவன்னு ஆயிடுது. ரெண்டுல எது நல்லதுன்னு நீயே சொல்லேன்.

மேஸ்திரி வெளியூர்ல ஒரு பெரிய கட்டடம் புடிச்சிருக்காரு. ஒரு வருச வேலை, அங்கயே தங்கிக்கலாம். வர்ற மாசக் கடைசியில கெளம்பறேன்னு சொல்லியிருக்கேன். நான் தள்ளிப் போயிட்டா புள்ளைக்கு இருக்கறதாவது நிக்குமில்ல? அதை மட்டும் எழுது. அண்ணிகிட்ட மூச்சு விடாதே. என் மேல சத்தியம்.

உன் அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

இதை நின்றபடியே எழுதுகிறேன்.

தொட்டால் ஒட்டாது. கைக்குழந்தைக்கும் ஒட்டாது, அண்ணிக்கும் ஒட்டாது. தட்டு, துண்டு, பாய், மூச்சு, எதிலும் ஒட்டாது. நான் 'பரவுகிறது' என்று எழுதியது உன் தோலுக்குள்ளேயே ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு. உன் தோலைத் தாண்டி அடுத்தவர் தோலுக்கு அந்தச் சேதி போகவே போகாது.

பிறந்த குழந்தைக்குத் தோல் உரிவது சகஜம், சில குழந்தைகளுக்கு ஒரு மாதம் தாண்டியும் உரியும். அத்தனை மாதம் தண்ணீருக்குள் இருந்த தோல், காற்றுப் பட்டதும் மேலடுக்கைக் கழற்றிப் போடுகிறது. நீ பிறந்தபோதும் உரிந்திருக்கும். நீ அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை.

சுண்ணாம்பைத் தொடாதே. நான் சொன்னது தட்டில் இருக்கிற தண்ணீரில் கலக்கிற சத்து, கண்ணுக்கே தெரியாத அளவு. சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு உன்னைச் சுட்டுப் புண்ணாக்கிவிட்டது. ஏற்கெனவே 'காயம், காயம்' என்று பொய்யாகக் கூவுகிறவர்களுக்கு நீ உண்மையாகவே ஒரு காயத்தைக் கொடுத்திருக்கிறாய். அதனால்தான் சுற்றித் தடிக்கிறது. சுரண்டினாலும் அதேதான். உடனே டாக்டரிடம் போ.

நீ உண்மையில் கேட்டது ஒரே ஒரு கேள்வி, தூக்கலாமா என்று. 'புள்ளையை நான் இன்னும் தூக்கல' என்று எழுதியிருந்தாய். அதை நான் செய்தி என்று நினைத்துப் படித்துவிட்டு, தட்டு, தண்ணீர், சேதி என்று பாடம் நடத்தியிருக்கிறேன். இத்தனை படித்தும் என் அண்ணன் கேட்பது எனக்குக் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர்வதற்குள் நீ கிளம்பிவிட்டால் என்ன செய்வேன்? அண்ணிக்குப் போன் செய்யப் போகிறேன். சத்தியத்தை மீறுகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

வாலு


மார்ச் பத்தோ பதினொண்ணோ

வாலு,

போன்ல என்னத்தைச் சொன்னே? என் கடுதாசிக்கு உன் பதில் இன்னும் வரல. நான் வேலையில இருந்து வர்றேன், வாசல்ல உங்க அண்ணி நிக்கறா, கண்ணெல்லாம் செவந்து போயிருக்கு. சட்டையைக் கழட்டுங்கன்னா. எதுக்குன்னேன். கழட்டுங்கன்னா. தெருவுல ரெண்டு பேரு வேடிக்கை பாக்கறானுங்க. கழட்டினேன். முதுகைச் சுத்தி வந்து பாத்தா. விறுவிறுன்னு உள்ள போயிட்டா. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

அப்புறமா, "கடல் தாண்டி இருக்கறவளுக்குத் தெரியலாம், கட்டிக்கிட்டவளுக்குத் தெரியக் கூடாதா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டா. அதோட பேச்சு நின்னு போச்சு. சோறு மட்டும் வருது.

அது ஒட்டாதாம், வாலு சொன்னாளாம். நீதானே பரவுதுன்னு எழுதினே? எழுத்துல ஒண்ணு சொல்றே, போன்ல ஒண்ணு சொல்றே. எனக்கு மனசு ஆறணும்னு போன்ல சொல்றியா, இல்ல கடுதாசியிலதான் தப்பா எழுதிட்டியா? நான் எதை நம்பறது? அவளுக்கு நீ சத்தியத்தை மீறினது பெருசில்ல. எனக்கு அதுவும் பெருசு.

வெளியூர் போறதைப் பத்தி மேஸ்திரி கேட்டாரு. பாக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன்.

அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணா,

என் முந்தைய கடிதம் இதற்குள் வந்திருக்கும். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். மாற்றிச் சொல்லவில்லை, முதலில் சரியாகச் சொல்லவில்லை. பரவுவது உனக்குள்ளேதான்.

மனசு ஆறட்டும் என்று நான் பொய் சொல்கிறேனா என்று கேட்டிருக்கிறாய். அதனால் உனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். இது சில குடும்பங்களில் கொஞ்சம் வழிவழியாக வரலாம். நம் அப்பாவின் முழங்கையில் இது இருந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் மகளுக்குப் பிற்காலத்தில் வரலாம், பெரும்பாலும் வராமலே போகலாம். யாராலும் உறுதி சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. வந்தால் அது தொட்டதால் வந்ததாக இருக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் உன்னை மறுபடியும் ஏமாற்றினவள் ஆவேன். சொன்னதால் மறுபடியும் குழப்பியிருப்பேனோ என்று பயமாகவும் இருக்கிறது.

இதைக் குணப்படுத்தி அனுப்ப முடியாது, ஆனால் அடக்கி வைக்க மருந்து இருக்கிறது. அந்தத் தப்பான கூச்சலைக் குறைக்கிற மருந்து.

உன் கடிதத்தில் இந்த முறை, நான் சாப்பிட்டேனா என்று நீ கேட்கவில்லை. கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வட்டத் தட்டுகளைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் தங்கை


ஏப்ரல், ஞாயித்துக்கெழமை

ஏ வாலு,

சாப்பிட்டியா? முதல்ல எழுந்து போய்ச் சாப்பிட்டுட்டு வா. இந்தக் கடுதாசி எங்கயும் ஓடிப் போயிடாது. இங்க எல்லாரும் இருக்கோம். போன தடவை கேக்காம விட்டுட்டேன்னு குத்திக் காட்டியிருக்கே பாரு, அதைப் படிச்சு உங்க அண்ணி, "அண்ணனும் தங்கச்சியும் சோத்தைப் பத்தி எழுதறதுக்கே தபால்காரருக்குக் கால் தேயுது"ன்னா. ஆமா, அவ பேசறா. இப்ப உன் கடுதாசியெல்லாம் அவதான் முதல்ல படிக்கறா. நான் எழுத்துக்கூட்டறதுக்குள்ள அவ ரெண்டு தடவை படிச்சு, அழுது முடிச்சு, அடுப்புக்கே போயிடறா.

எப்படிப் பேச்சு வந்துச்சுன்னு கேளு. உன் ரெண்டாவது கடுதாசியையும் மூணாவதையும் பக்கத்துல பக்கத்துல வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒட்டாதுன்னு ஒண்ணு. வழிவழியா வரலாம்னு ஒண்ணு. தலை சுத்திப் போச்சு. என்னையும் மீறி, "அப்போ ஒட்டாது, ஆனா வரலாம். வரலாம், ஆனா ஒட்டாது. என்ன எழவுடா இது"ன்னு சத்தமாச் சொல்லிட்டேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து, "கிறுக்குப் புடிச்ச மனுசா, தொட்டா வராதுன்னா தூக்க வேண்டியதுதானே"ன்னு சத்தம் வந்துச்சு. அதான் முதல் பேச்சு. அந்தச் சுவரு மெல்லிசா இருக்கறதுல ஒரு நல்லதும் இருக்கு.

மறுநாள் ரெண்டு பேருமாத் தோலு டாக்டருகிட்டப் போனோம். ஒரு டாக்டரம்மா. அங்க ஒரு பெரியவரு எனக்கு முன்னால உக்காந்து, அவரு மாடியில தண்ணி ஒழுகற கதையைச் சொன்னாரு, நான் அதுக்கு எந்த எடத்துல விரிசல் பாக்கணும்னு சொல்லி, அது முடியறதுக்குள்ள என்னைக் கூப்பிட்டுட்டாங்க. சட்டையைக் கழட்டச் சொன்னாங்க. எனக்கு இப்பல்லாம் பழகிப் போச்சு, யாரு சொன்னாலும் கழட்டறேன். அந்தம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா? கையுறை கிய்யுறை ஒண்ணும் இல்ல. வெறுங்கையால என் முழங்கையைப் பிடிச்சுது. அப்படியே திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. கட்டை விரலால செதிலைத் தடவிப் பாத்துச்சு. நான் இழுத்துக்கிட்டேன். "என்னப்பா, வலிக்குதா?"ன்னுச்சு. இல்லம்மா, உங்களுக்கு வந்துடப் போவுதுன்னேன். "வர்றதா இருந்தா எனக்கு ஆயிரம் தடவை வந்திருக்கணும்"னு சொல்லிட்டு மருந்துச் சீட்டு எழுத ஆரம்பிச்சிருச்சு. கையைக் கூடத் துடைக்கல. அதே கையால பேனாவைப் பிடிச்சு, அதே பேனா முனையைப் பல்லுல வச்சிக்கிட்டு யோசிச்சுது, வாலு. நான் அந்தப் பேனாவையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். என்ன மருந்து, எத்தனை வேளைன்னு எல்லாம் உங்க அண்ணிதான் கேட்டுக்கிட்டா.

சுண்ணாம்பு போட்ட கதையை அவ சொல்லிக் குடுத்துட்டா. டாக்டரம்மா என்னைப் பாத்து, "ஏன், மேல ஒரு கோட்டிங் டிஸ்டெம்பரும் அடிக்க வேண்டியதுதானே?"ன்னுச்சு. உங்க அண்ணி சிரிச்சா பாரு, வெளியில இருந்த பெரியவரு எட்டிப் பாக்கற அளவுக்கு. அவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு. அதுக்காக இன்னொரு தடவை சுண்ணாம்பைப் போட்டுக்கலாம்னு தோணுச்சு. போட மாட்டேன், பயப்படாதே.

வர்ற வழியில அவ கேட்டா, "ஏன் என்கிட்ட சொல்லல?" நான் சொன்னேன், நீ என்னைத் தொட மாட்டியோன்னு பயமா இருந்துச்சுன்னு. அவ ரெண்டு எட்டு முன்னால போய்த் திரும்பினா. அப்புறம், "நான் தொடாம இருப்பேன்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டு, நீங்க தொடாம இருந்தீங்க"ன்னா. நானும் யோசிச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருக்கு. ஆனா அது என்னமோ சுத்திச் சுத்தி வருது, உன் செல்லுங்க பேசிக்கற மாதிரி.

வெளியூருக்கு நெட்டையன் போறான். அங்க போய் அந்தக் கட்டடத்துச் சுவத்துல என்னத்தை எழுதித் தொலைக்கப் போறானோ, அவனுக்கு 'ழ'வும் வராது, 'ள'வும் வராது.

களிம்பு போட ஆரம்பிச்சிருக்கேன். முதுகுக்கு அவ போட்டு விடறா. செதில் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. வெளிச்சத்தைப் பொறுத்து மாறுது. புள்ளைக்குத் தோலு உரியறது தானாவே நின்னு போச்சு. உள்ள இருந்து புதுசா என்னா மினுமினுப்புங்கறே.

ஆனா வாலு, உன்கிட்ட மட்டும் சொல்றேன், இதை அவ படிச்சாலும் படிக்கட்டும். நான் இன்னும் தூக்கல. எல்லாம் தெரியுது. நீ சொன்னது தெரியுது, அந்தம்மா வெறுங்கையால பிடிச்சது தெரியுது. புத்தி சரிங்குது. கை மட்டும் கேக்க மாட்டேங்குது. கிட்டப் போனா தானாப் பின்னால போயிடுது. சேதி கை வரைக்கும் வந்து சேரலையோ என்னமோ. நேத்து பூரா இதையே போட்டுக் குழப்பிக்கிட்டிருந்தேன். நான் தொட்டாலும் அவளுக்கு வரப் போறதில்ல. தொடாம இருந்தாலும், வர்றதா இருந்தா வராமப் போகப் போறதில்ல. அப்போ நான் இந்த ரூம்புல உக்காந்து யாரை யாருகிட்ட இருந்து காப்பாத்தறேன்? எனக்கு விளங்கல. உனக்கு விளங்குதா? உன் மூணு தட்டுல எதாவது ஒண்ணு பேச ஆரம்பிச்சுதா? இல்ல நீயும் என்னை மாதிரி முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கியா? அந்தப் பேராசிரியை சொன்னாங்கன்னு எழுதினியே, அதைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு

இரு, கூப்பிடறா. "ஏங்க! பால் பொங்குது, இவளை வாங்குங்க"ங்கறா. நெசமாவே பொங்குதா, வேணும்னே சொல்றாளான்னு தெரியல, எனக்கு ஒரு வாசனையும் வரல. வாசப்படியிலயே வந்து நிக்கறா, ரெண்டு கையிலயும் புள்ளையை நீட்டிக்கிட்டு. இவ என்னடான்னா என்னைப் பாத்து வாயைக் கோணிக்கிட்டு அழ ரெடியாவுறா. கழுத்து நிக்காதே இவளுக்கு, தலையை எப்படிப் பிடிக்கறது, கையில களிம்பு வேற வழவழன்னு, வாலு, நான் சட்டைக் கையைக் கூட இன்னும் எறக்கி விட